கண்டியில நல்ல மீன் எங்க கிடைக்கும்?

ஜூன் மாதம் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. டொரண்டோவில் இருக்கிற மச்சாள் ஓகஸ்டில் இலங்கைக்கு வாறாவாம். மூன்று கிழமை லீவு. அதில் இரண்டு நாள் கண்டி. "தீவுக்கு வந்திட்டு ஃப்ரெஷ் சீஃபூட் சாப்பிடாமல் போகேலாது. நீங்கள் அங்கதானே படிக்கிறியள், நல்ல இடமா நாலைஞ்சு அனுப்பி விடுங்கோ."

நாங்கள் மூன்று பேர். பேராதனையில் கலைப்பீடம். ஹிந்தகலவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரே அறை, ஒரே கேஸ் அடுப்பு. ஒருத்தி குருநகர், ஒருத்தி வவுனியா, ஒருத்தி பொகவந்தலாவ. மச்சாள் வவுனியாக்காரிக்குச் சொந்தம். ஆனால் கேள்வி எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாகிவிட்டது. பதில் அனுப்ப எங்களுக்கு ஆறு கிழமைக்கு மேல் பிடித்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சனிக்கிழமை கண்டி டவுனுக்குப் போனம். கண்டியில் 'கடல்' என்று பேர் வைத்த தண்ணீர் ஒன்று இருக்கிறது. தலதா மாளிகைக்கு முன்னால் இருக்கிற வாவியைச் சிங்களத்தில் 'கிரி முஹுத' என்று சொல்லுவினம், பாற்கடல். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது. அதில் மீன் நிறைய இருக்கு, ஆனால் அதைப் பார்க்கலாம், பொரி போடலாம், பிடிக்க ஏலாது. வாவியைச் சுற்றி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளின் மெனுவில்தான் இறாலும் கணவாயும் நண்டும் வரிசையாக இருக்கு. ஒரு கடையில் வெயிட்டர் தம்பியிடம் "இண்டைக்கு வந்த மீனா?" என்று கேட்டம். "ஃப்ரெஷ்தான் மிஸ்" என்றார். எப்ப வந்தது என்று கேட்டதற்குச் சிரித்தார். விலையைப் பார்த்துவிட்டு நாங்களும் சிரித்துக்கொண்டு வெளியில் வந்தம்.

சந்தைப் பக்கம் மீன் விற்கிற ஒரு நானாதான் எங்களுக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தினார். கண்டிக்கு வாற கடல்மீனில் பெரும்பகுதி பேலியகொடை மொத்தச் சந்தையில் இருந்து வாறது. இரவு ஏலம், பிறகு லொறி, ஐஸ், கடுகண்ணாவ ஏற்றம், விடியக் கண்டி. கொழும்பில் இருந்து 115 கிலோமீற்றர்தான். அது பெரிய தூரம் இல்லை. சிக்கல் அதற்கு முதலே தொடங்குது.

"பெரிய மீன் கேக்காதீங்க மகள்," என்றார் நானா. "பெரிய மீனுக்குத்தான் வயசு கூட."

கெலவல்லா, தலபத் மாதிரியான பெரிய மீனுக்குப் போறது பல நாள் படகுகள். அவை இரண்டு மூன்று கிழமை, சில நேரம் ஒரு மாதமும் ஆழ்கடலில் நிற்கும். போன முதல் நாள் பிடிபட்ட மீன் அத்தனை நாளும் படகின் அடியில் ஐஸுக்குள் கிடக்கும். கரைக்கு வாற நேரம் அந்த மீனின் வயது யாருக்குத் தெரியும்? இரவு போய் விடியக் கரைக்கு வாற ஃபைபர் போட்டுகளில் வாற சூடை, சாளை, காரல் மாதிரிச் சின்ன மீன்தான் உண்மையிலேயே நேற்று வரைக்கும் நீந்தின மீன். ஆனால் சின்ன மீன் கெதியாய்ப் பழுதாகிவிடும். அதனால் மலை ஏறி வாறது பெரிய மீன். சின்னது பெரும்பாலும் கருவாடாகத்தான் வரும். கண் குழி விழாமல் இருக்கோணும், செவுள் சிவப்பாய் இருக்கோணும், விரலால் அமத்தினால் சதை திரும்பி வரோணும், இதெல்லாம் நானா சொல்லித் தந்த பாடம்.

பேலியகொடை என்ற பேரை நாங்கள் முதல்முறை கேட்டது கொரோனா நேரம். 2020 ஒக்டோபரில் அந்தச் சந்தையில் இருந்து தொற்றுப் பரவினதும் நாடு முழுக்க மீன் வாங்கப் பயந்தது. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்டினார். அப்ப நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தம். குருநகர்க்காரி மட்டும் சொன்னாள், அந்த மாதம் தன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று.

சரி, சண்டைக்கு வருவம்.

அடுத்த கிழமை பொகவந்தலாவக்காரிக்கு மகாபொல காசு வந்தது. வழியில் ஒரு கடையில் அரைக் கிலோ மீன் வாங்கிக்கொண்டு வந்து, எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் தானே சமைத்தாள். மிளகாய்த்தூளும் புளியும் நல்லாய்ப் போட்டு, கறிவேப்பிலை தாளித்து, மத்தியானம் லெக்சர் முடிந்து வாற எங்களுக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். குருநகர்க்காரி ஒரு வாய் வைத்தாள். மீன் பழசுதான், அது உண்மை. ஆனால் அவள் சொன்னது இது:

"இதெல்லாம் ஒரு மீனோ? எங்கட ஊரில பூனையும் தின்னாது."

பகிடிக்குத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கேல்ல. பொகவந்தலாவக்காரி சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, "எங்க வீட்டுல இது தீவாளிக்குத்தான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாள் ஒன்றும் பேசேல்ல.

அவள் வீட்டு மீன் என்றால் நெத்தலி, கருவாடு, மாதக் கடைசியில் டின்மீன். அதையும் லயத்துக்குக் கீழே இருக்கிற கடையில் கொப்பியில் எழுதித்தான் வாங்குறது. 2021இல் பெரிய இழுபறிக்குப் பிறகு தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. பிறகு கூடியிருக்கு, சாமான் விலை அதைவிடக் கூடியிருக்கு. நல்ல மீன் ஒரு கிலோ வாங்க ஒரு நாள் கொழுந்துச் சம்பளம் காணாது. அவள் கடலைப் பார்த்ததே பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில், காலிமுகத்திடலில். அங்க சாப்பிட்டது இறால் வடை. அன்று பிடித்த மீனை அன்றே சாப்பிடுறது என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நாலு பக்கமும் கடல் இருக்கிற நாட்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயது.

இதையெல்லாம் நாங்கள் பிறகுதான் கேட்டறிந்தம். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்து எழும்பியும் கேட்காமல் இருந்திருக்கிறம்.

மூன்றாம் நாள் குருநகர்க்காரி வந்து, "ஸ்டடி லீவுக்கு எங்கட வீட்டை வாங்கோ ரெண்டு பேரும். உண்மையான மீன் தாறன்" என்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள், அதுதான் அவளுடைய மன்னிப்பு.

ஜூலையில் இரவு பஸ் எடுத்தம். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி 320 கிலோமீற்றருக்கு மேல் ஓடி யாழ்ப்பாணத்தில் முடியுது. அங்க அதற்குப் பேர் 'கண்டி வீதி'. விடிய இறங்கி நேரே குருநகர் கரைக்குப் போனம். போட்டுகள் வந்துகொண்டிருந்தன. வலையில் இருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றுறது ஒரு தனி வேலை, பெண்களும் இருந்து கழற்றினார்கள். கழற்றின நண்டு தராசுக்குப் போனது. பெரியதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள், பெட்டி வாகனத்துக்குள். கம்பனிக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக்கு. விளைமீனும் ஒட்டியும் கூறு போட்டு ஏலம் போனது. எல்லாம் முடிய, அவளின் அப்பாவின் கையில் ஒரு சின்னப் பை மிஞ்சியது. கொஞ்சம் சூடை, கொஞ்சம் காரல்.

"இதுதான் வீட்டுக்கு," என்றார்.

நடந்து வரும்போது அவர் கதைத்தார். சண்டைக் காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகேலாது, சில காலம் போகவே விடேல்ல. 2009க்குப் பிறகு கடல் திறந்தது, இந்திய இழுவைப் படகுகளும் வந்தன. அந்தப் பக்கம் ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரைக்கும் இழுவைப் படகுகளுக்குத் தடை. "அந்த ரெண்டு மாதம்தான் எங்கட வலைக்கும் லீவு," என்றார். 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் இரவில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போற படகுக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. 2022இல் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயில் இருந்து 340 ஆனபோது போட்டைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனாராம். எந்தக் கோபமும் இல்லாமல், மழை பெய்ததைச் சொல்லுற மாதிரிச் சொன்னார்.

மத்தியானம் அம்மா சாப்பாடு போட்டா. காரல் சொதி, சூடைப் பொரியல், நடுவில் ஒரு பெரிய சட்டி நண்டுக்கறி.

குருநகர்க்காரி சட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஏதம்மா நண்டு?"

"வாங்கினனான். பிள்ளையள் தூரத்தில இருந்து வந்திருக்குதுகள்."

கரையில் அப்பா விற்ற நண்டு. அதே கரையில், வேறு ஆளிடம், அம்மா வாங்கியிருக்கிறா. குசினி வாசலில் அரிசிப் பானைக்கு மேல் ஒரு கொப்பி கிடந்தது. அதை முதலில் கண்டது பொகவந்தலாவக்காரிதான். நீலப் பேனை, தேதி, சாமான், தொகை, கீழே ஒரு கோடு. அவளுக்கு அது என்ன கொப்பி என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"அம்மா, எனக்கு இந்தச் சின்ன மீனே போதும்மா," என்றாள்.

"அது நாங்கள் நெடுகத் தின்னுறது பிள்ளை. நீ நண்டைச் சாப்பிடு."

சாப்பிட்டம். பொய் சொல்லத் தேவையில்லை, அப்படி ஒரு ருசியை நாங்கள் இன்னும் காணேல்ல. ஓட்டை உடைக்க அவளுக்குத் தெரியேல்ல, குருநகர்க்காரி பக்கத்தில் இருந்து உடைத்து உடைத்து அவளுடைய கோப்பையில் வைத்தாள். தான் தொடவில்லை. இரவு மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது தானாகச் சொன்னாள்: "யாகப்பர் திருநாளுக்குத்தான் எங்கட வீட்டில நண்டு. மிச்ச நாள் சூடைதான்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"எங்க கடைக் கொப்பியும் இதே மாதிரிதான். நீலப் பேனைதான்," என்றாள் பொகவந்தலாவக்காரி. இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். வவுனியாக்காரி நித்திரையில் இருந்து எழும்பி என்னவென்று கேட்டாள்.

உண்மையில் நானா சொன்னது சரிதான். அந்தச் சாப்பாட்டில் மிகப் புதிய மீன் நண்டு இல்லை, யாரும் ஏலம் கேட்காத அந்தச் சூடை. பிடிக்கிற வீடு அதைத் தின்னுது, ஏனென்றால் மற்றதை விற்கோணும். மலையில் இருக்கிற வீட்டுக்கு அதே சின்ன மீன் உப்புப் போட்டுக் காய்ந்து போகுது. நடுவில் இருக்கிற பெரிய மீன், ஐஸ் பெட்டிக்குள் யாருடையதோ லீவுக்குப் போகுது. 'ஃப்ரெஷ் சீஃபூட் எங்க?' என்று கேட்கிற மச்சாளில் பிழை இல்லை. அவ காசு குடுத்துத்தான் கேட்கிறா. நாங்கள்தான் அந்தக் கேள்வியை மீனைப் பற்றினது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தம்.

திரும்பி வந்து மச்சாளுக்கு எழுதின பதில் இதுதான், உங்களுக்கும் உதவும்:

கண்டியில் இறாலும் நண்டும் தேடாதேங்கோ. கண்டியில் புது மீன் வேண்டும் என்றால் திகன தாண்டித் தெல்தெனியப் பக்கம் போங்கோ. 1985இல் திறந்த விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரம். அதன் தண்ணீருக்குள் பழைய தெல்தெனிய டவுன் இருக்கு. அந்தத் தண்ணீரில் பிடிக்கிற திலாப்பியா அன்றே கரைக்கு வரும். 1952இல் வெளியில் இருந்து கொண்டு வந்து விட்ட மீன்தான், இப்ப இந்த நாட்டுக் குளம் எல்லாம் அதுதான். வவுனியாக்காரி சின்ன வயதில் இருந்து குளத்து மீன் தின்று வளர்ந்தவள், அவள் அத்தாட்சி. கடல் மீனின் ருசி வேண்டும் என்றால் கண்டியில் கருவாடு சாப்பிடுங்கோ, அதில் யாரும் வயதை மறைக்கிறதில்லை. பச்சைக் கடல்மீன்தான் வேண்டும் என்றால் கடலுக்கே போங்கோ. குருநகர், பாசையூர், திருகோணமலை, எங்க என்றாலும் விடியப் போங்கோ, சின்ன மீனைக் கேளுங்கோ, விலை பேசாதேங்கோ.

ஓகஸ்டில் மச்சாள் வந்தா. வாவியைச் சுற்றி ஒரு நடை நடந்து ஃபோட்டோ எடுத்துவிட்டு, இரவு எங்கள் அறைக்குச் சாப்பிட வந்தா. தெல்தெனியவில் வாங்கின திலாப்பியாவை வவுனியாக்காரி பொரித்தாள். பொகவந்தலாவக்காரி அம்மா அனுப்பின நெத்தலிக் கருவாட்டில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மச்சாள் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டா.

குருநகர்க்காரி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் அவளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தம். அவள் நிமிர்ந்தாள்.

"என்னடி பாக்கிறியள்? குழம்பை இங்கால தள்ளு."