எட்டுக்கால்களை எண்ணிய காலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஓடுவோரும் சைக்கிளோட்டிகளும் நாய்களோடு நடப்போருமாக நல்ல கூட்டம். நாங்கள் ஒன்பது பேர் மட்டும் ஒரு புதருக்கு முன்னால் குனிந்து நின்றோம். “ஏதாவது தொலைந்துவிட்டதா?” என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

எதுவும் தொலையவில்லை, எண்ணிக்கொண்டிருந்தோம். பட்டாம்பூச்சி, தும்பி, பறவைக் கணக்கெடுப்புகளில் தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வதைப் பலர் அறிந்திருப்பீர்கள். எங்களுடையது சில தொண்டூழியர்கள் சேர்ந்த சிறிய குழு. தும்பிகளோடு சிலந்திகளையும் எண்ணுவோம். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே நேரம். எதையும் பிடிப்பதில்லை. படம் எடுத்து, தாளில் குறித்துவிட்டு நகர்வோம். எட்டு வயது மகளை நான் அழைத்துச் சென்றதற்குக் காரணம், குளியலறையில் சிலந்தியைக் கண்டால் அவள் போடும் கூச்சல். (அவளைவிட நான் பயந்தவன் என்பது அவளுக்குத் தெரியாது.)

முதலில் ஆற்றங்கரை. காலாங் ஆறு இங்கே ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, கல்லும் செடியுமான கரைகளுக்கிடையே வளைந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012ல் பூங்காவைத் திறந்தார்கள். தும்பிகள் இளம்பருவத்தைத் தண்ணீருக்குள்தான் கழிக்கும். ஒளிந்துகொள்ளக் கல்லும் செடியும் வேண்டும். வழவழப்பான கால்வாயில் அதற்கு எங்கே போகும்? அன்று செம்பழுப்புச் சிறகும் கண்ணாடி போன்ற நுனியும் கொண்ட ஒரு வகையை மட்டும் பதினான்கு எண்ணினோம்.

அடுத்துப் புதர்கள். வலையின் நடுவில் வெள்ளை இழையால் பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் நீட்டியபடி ஒரு சிலந்தி. அந்தக் குறி பூச்சிகளை ஈர்க்கவா, பறவைகளை எச்சரிக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். “பள்ளிக்கூடத்தில் தப்பு விடைக்குப் போடுவார்களே, அதுபோல் இருக்கிறது” என்றாள் மகள். கூச்சல் இல்லை. நான்தான் ஓரடி பின்னால் நின்றேன்.

எங்கள் குழுவில் எழுபதைத் தொட்ட சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். கம்பத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் சண்டைச் சிலந்திகளைப் பிடித்துத் தீப்பெட்டியில் வளர்த்தவர். பின்னாளில் வீவக வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளும் அந்த விளையாட்டை விட்டுவைக்கவில்லை. உடலில் நீலப்பச்சைப் பட்டைகள் மின்னும் இந்தக் குதிக்கும் சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு இலைகளை இழையால் ஒட்டி, நடுவே குடியிருக்கும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்தால் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு மோதும்.

அன்று அங்கிள் ஒவ்வோர் இலையாக, வெற்றிலை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனார். அரை மணி நேரம். ஒன்றும் இல்லை.

“சைபர் போடு, கேர்ள்” என்றார்.

தாள் மகளிடம் இருந்தது. அவளுக்கு மனம் வரவில்லை. “ஏதோ ஓடியது, அங்கிள். அதுவாகத்தான் இருக்கும். ஒன்று போடட்டுமா?”

“எட்டுக்கால் பார்த்தாயா?”

“இல்லை.”

“நீ ஒன்று போட்டால், அடுத்த வருடம் இதைப் படிக்கிறவர் இங்கே இருக்கிறது என்று நம்பிவிடுவார். அது எப்போது இல்லாமல் போனது என்று அப்புறம் யாருக்குமே தெரியாது.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால், சொல்லிவிட்டுச் சற்று நேரம் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகம் வாடிவிட்டது. ‘குழந்தைதானே, போனால் போகட்டும்’ என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது அவள்தான் முதலில் பார்த்தாள். இடுப்பு உயரக் கிளையில் இரண்டு இலைகள் ஒட்டிக் கிடந்தன. அங்கிள் முட்டி போட்டு உட்கார்ந்து, இலைகளைப் பிரிக்காமல் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்தார். உள்ளே வெள்ளையாக இழை. ஆள் இல்லை.

“இப்போது?” என்றாள் மகள்.

“இப்போதும் சைபர்தான்” என்றவர், தாளின் ஓரத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தைக் காட்டினார்.

அவள் பென்சிலை அழுத்திப் பிடித்து, 0 போட்டாள். பக்கத்துக் கட்டத்தில் தமிழில் எழுதினாள்: வீடு இருந்தது.