ஐடெக்ஸ்ட்.ஜார் எங்கிருந்து வந்தது?

"அதத் தொட்டா தமிழ் ஒடஞ்சிடும்." எங்கள் டீமில் புதிதாகச் சேரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். 'அது' என்பது லிப் ஃபோல்டரில் கிடந்த ஐடெக்ஸ்ட்.ஜார். மற்ற ஜார்களின் பெயரோடு பதிப்பு எண் இருக்கும், இதற்குக் கிடையாது. எப்படி உடையும், ஏன் உடையும் என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குச் சொன்னவருக்கு அவருடைய சீனியர் சொன்னாராம். காரணம் தெரியாத ஒரு தடையை அடுத்த ஆளுக்கு நானும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாங்கள் எழுதுவது கூட்டுறவுச் சங்கங்களுக்கான மென்பொருள். ரசீது, கடன் பத்திரம், நிலுவை அறிவிப்பு எல்லாம் தமிழில் பிடிஎஃப்பாக வர வேண்டும். அந்த வேலையைச் செய்தது இந்த ஜார்தான். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, எந்தெந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று பட்டியல் கேட்டார்கள். மற்றவற்றுக்கு எழுதியாயிற்று. ஐடெக்ஸ்ட்டுக்கு நேரே இருந்த கட்டத்தில் 'தெரியாது' என்று எழுத மனம் வரவில்லை.

முதலில் சுலபமான வழி. மேவன் சென்ட்ரலில் ஒரு கோப்பின் எஸ்ஹெச்ஏ-1 ஹேஷைக் கொடுத்தால், அது எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடும். கொடுத்தேன். எதுவும் வரவில்லை. ஒரு பைட் மாறியிருந்தாலும் ஹேஷ் பொருந்தாது. அப்படியென்றால் யாரோ இதில் கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று பார்க்க கிட் வரலாற்றுக்குப் போனேன். எஸ்விஎன்னிலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்த முதல் கமிட்டோடு அது நின்றுவிட்டது. பழைய எஸ்விஎன் சர்வரின் பேக்கப்பை எங்கள் சிஸ்டம் அட்மின் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். டேப்பிலிருந்து எடுத்து, பழைய எஸ்விஎன் பதிப்பை நிறுவி, டம்ப்பை ஏற்றி, லாகைத் திறந்தால் அங்கேயும் எல்லா ஜார்களும் ஒரே கமிட்டில் உள்ளே வந்திருந்தன. குறிப்பு ஒரே சொல்: 'லிப்ஸ்'. செய்தவர் பெயர் 'டெவ்'. அந்தக் காலத்தில் மொத்த டீமும் புழங்கிய பொது லாகின் அது. அந்த நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே என்ற ஆற்றாமை இன்றும் தீரவில்லை.

வரலாறு கைவிட்ட பிறகு ஜாரையே பிரித்தேன். உள்ளே எல்லாம் 'காம்.லோவாஜி' என்ற பேக்கேஜில் இருந்தன. எங்கள் பிழைச் செய்திகளில் இந்தப் பெயரைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன்; யாரென்று தேடியது அன்றுதான். ப்ரூனோ லோவாஜி, பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் நிர்வாகப் பணிக்காக 1998-இல் ஒரு பிடிஎஃப் லைப்ரரி எழுதினார். அதன் வழியில் வந்ததுதான் ஐடெக்ஸ்ட். 2009 கடைசியில் வந்த 5.0 பதிப்போடு அதன் உரிமம் ஏஜிபிஎல் ஆனது: அதை வைத்து நெட்வொர்க்கில் சேவை நடத்தினால் உங்கள் மூலநிரலையும் தர வேண்டும், இல்லையென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். பேக்கேஜ் பெயரும் மாறியது. எங்களிடம் பழைய பெயரே இருந்ததால் இது 5.0-க்கு முந்தையது. உரிமப் பணத்துக்குப் பயந்துதான் பழையதிலேயே நின்றிருக்கிறார்கள், 'தமிழ் உடையும்' என்பது அதற்குச் சொன்ன சாக்கு என்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

அந்த முடிவு நிலைக்கவில்லை. பழைய 2.1.7 பதிப்பை இறக்கி, அன்ஸிப் கட்டளை காட்டும் சிஆர்சி எண்களை வரிக்கு வரி ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின, ஃபான்ட்டீடெய்ல்ஸ் என்ற ஒரு கிளாஸைத் தவிர. அசலில் இல்லாத இன்னொரு கிளாஸும் பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் 2011-ஆம் ஆண்டுத் தேதி. எழுத்தை ஃபான்ட்டின் கிளிஃப் எண்ணாக மாற்றும் இடம் ஃபான்ட்டீடெய்ல்ஸ். 'ஜாவா-பி' கருவியில் போட்டுப் பார்த்தேன். பைட்கோடின் நடுவில் ஒரு டேபிள்ஸ்விட்ச்: 3014 முதல் 3020 வரை.

யூனிகோடில் 3014 என்பது எகரக் கொம்பு. 3015 ஏகாரக் கொம்பு, 3016 ஐகாரம். 3018, 3019, 3020 மூன்றும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். 3017 மட்டும் வேறு வழிக்குப் போனது. யூனிகோட் தமிழில் அந்த இடம் காலி. எழுதியவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தி, ஒகரத்தை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. பதிப்பு எண் தேடிப் போன எனக்கு அதற்குமேல் பதிப்பில் அக்கறையே இல்லை. இதை எழுதியவர் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

அக்கவுண்ட்ஸில் ஒருவரிடம் பழைய சீனியர் ஒருவரின் எண் இருந்தது. வேலையை விட்டு சொந்த ஊருக்கே போய்விட்டவர். கூப்பிட்டேன்.

"அது நெட்ல எடுத்ததும்மா."

"உள்ள மாத்தியிருக்கே சார்."

"நாங்க ஒண்ணும் மாத்தல. நெட்ல எடுத்தது, அப்படியே போட்டோம்."

எப்படிக் கேட்டாலும் அதே பதில். அடுத்த முறை கூப்பிட்டபோதும் அதுவே. கடைசியில், "சார், அதுல 3014-னு ஒரு நம்பர் வருது" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார்: "3015 ஏ, 3016 ஐ, 3017 கிடையாது..." பத்து வருடங்களுக்குப் பிறகும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதன்பிறகு எல்லாம் சொன்னார். அசல் லைப்ரரி கொம்பை மெய்க்குப் பின்னால் போட்டதால் 'பெயர்' என்பது 'பயெர்' என்றும், 'சேலம்' என்பது 'சலேம்' என்றும் அச்சாகியிருக்கிறது. சேலம் பக்கத்துச் சங்கம் ஒன்று ரசீதுகளைக் கட்டாகத் திருப்பி அனுப்பியதாம். கொம்பைச் சரிசெய்த பிறகும் கு, டு, ளு போன்றவை மெய்யும் உகரக் குறியும் தனித்தனியாக நின்ற மாதிரியே வந்தன. அதற்காக விண்டோஸின் லதா ஃபான்ட்டைத் திறந்து, ஒவ்வோர் உயிர்மெய்யின் கிளிஃப் எண்ணையும் கையால் குறித்து ஒரு அட்டவணை செய்திருக்கிறார். கூடுதல் கிளாஸ் அதுதான்.

கிளிஃப் எண் என்பது ஃபான்ட்டைச் செய்தவர் வைக்கும் வரிசை. வேறு ஃபான்ட் போட்டால் அதே எண்ணில் வேறு எழுத்து இருக்கும். ஒருமுறை யாரோ ஃபான்ட் கோப்பை மாற்றிவிட, ரசீது முழுக்க எழுத்துகள் குழம்பியிருக்கின்றன. பழி ஜார் மேல் விழுந்தது. எங்கள் ரிசோர்சஸ் ஃபோல்டரில் 'தமிழ்.டிடிஎஃப்' என்ற பெயரில் இருந்ததே லதாதான். விண்டோஸோடு வரும் ஃபான்ட்டை எடுத்து நம் மென்பொருளோடு அனுப்ப உரிமம் இல்லை என்று அவருக்குத் தெரியும். 'நெட்ல எடுத்தது' என்று அத்தனை பிடிவாதமாகச் சொன்னது அதனால்தான். மூலநிரல் இருந்த கணினியை எப்போதோ கழித்துவிட்டார்கள். மாற்றிய கோப்புகளின் மூலநிரலைத் தர வேண்டும் என்று பழைய ஐடெக்ஸ்ட்டின் உரிமமும் கேட்கிறது. தர எங்களிடம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு டீமில் வாதமே எழவில்லை. பழைய ஐடெக்ஸ்ட்டின் கிளையான ஓபன்பிடிஎஃப்புக்கு மாறினோம். அதன் லேஅவுட்பிராசஸர் எழுத்துகளை அடுக்கும் வேலையை ஜாவாவிடமே விட்டுவிடுகிறது. ஜாவா 9 முதல் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ், ஃபான்ட்டின் சொந்த விதிகளைப் படித்தே செய்கிறது. ஃபான்ட், திறந்த உரிமம் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ். லைப்ரரியின் பதிப்பு எண் மேவன் கோப்பில் இருக்கிறது. ஃபான்ட்டின் பதிப்பும் உரிமமும் அதன் பக்கத்திலேயே ஒரு கோப்பில் இருக்கின்றன. முதலில் அச்சிட்ட ரசீதை அந்தப் பழைய சீனியருக்கு அனுப்பினேன். "சேலம் சரியா வருதா?" என்று மட்டும் கேட்டார். வருகிறது.

உங்கள் ப்ராஜெக்டிலும் பதிப்பு எண் இல்லாத ஜார் ஒன்று கிடக்கலாம். அதைக் கொண்டுவந்தவரின் செல்பேசி எண் கைவசம் இருக்கும்போதே கூப்பிடுங்கள். எங்கே எடுத்தார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டு, அந்த ஃபோல்டரிலேயே எழுதி வையுங்கள்.