வழியில் நடக்கும்போதும்



சில வாரங்களுக்கு முன், எலக்ட்ரானிக் சிட்டியில் வாழும் விசுவாசக் குடும்பம் ஒன்றில் ஜெபிக்கும்படி பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதையில் பயணம் செய்தேன். 2025 ஆகஸ்டில் இப்பாதை திறக்கப்படுமுன் சில்க் போர்டு நெரிசலில் சிக்கி, ஜெபக்கூட்டத்திற்குப் பிந்திச் சென்ற நாட்கள் அநேகம்.

ஆர்.வி. ரோடு நிலையத்தில் இரயில் புறப்பட்டது. என் எதிரே ஒரு தகப்பனும் ஏழு வயது மதிக்கத்தக்க மகனும் அமர்ந்திருந்தனர். "அப்பா, கீழே பஸ் எல்லாம் பொம்மை மாதிரி இருக்கு பாருங்க" என்றான் சிறுவன். தகப்பன் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" என்றார். மகன் இருமுறை அழைத்தான். மூன்றாம் முறை அவன் அழைக்கவில்லை. தனக்கும் ஒரு போன் வேண்டும் என்றான். என் உள்ளத்தில் அந்தத் தகப்பனை நான் நியாயந்தீர்த்தேன்.

வழியில் பி.டி.எம். லேஅவுட் நிலையம் வந்தது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் நல்வாழ்வு மையம் இப்பகுதியிலேதான் உள்ளது. கைபேசிக்கும் இணைய விளையாட்டுக்கும் அடிமைப்பட்டோருக்காக 2014-இல் அந்நிறுவனம் 'ஷட்' என்னும் கிளினிக்கைத் தொடங்கியது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'மூடு' என்று பொருள். ஆனால் அப்பெயரின் விரிவோ, தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பதாகும். நாட்டிற்கே மென்பொருள் நகரமாக விளங்கும் பெங்களூருக்கு இப்படியொரு கிளினிக்கும் தேவைப்பட்டது என்பதைச் சிந்திப்போம்.

விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர். தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றிற்கும் மேலாக விளையாட்டையே நாடுதல், தீங்கு நேர்ந்தும் விடாதிருத்தல் ஆகியவை நெடுநாள் நீடித்தால் அது ஒரு கோளாறு என்கிறது, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல்.

நான் சென்ற வீட்டிலும் அதே பாரம். ஒன்பதாம் வகுப்பு மகன் இரவு இரண்டு மணிவரை விளையாடுகிறான் என்று தாய் கண்ணீர் விட்டார். நான் அவனோடு தனியே பேசினேன். "ஐயா, அப்பா வந்ததும் லேப்டாப்பைத் திறப்பாங்க. அம்மா போனைப் பார்ப்பாங்க. நான் யார்கிட்ட பேசுறது?" என்றான்.

அவ்வார்த்தை என்னையே குத்திற்று. என் மகள் பள்ளியில் படித்த காலத்தில், அவள் பேச வரும்போதெல்லாம், "சொல்லும்மா, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்பேன். என் கண்களோ சபையாரின் செய்திகளில் இருக்கும். ஊழியம் என்று அதற்குப் பெயரிட்டேன். இன்று அவள் தூரத்தில் இருக்கிறாள். அவளுடைய அழைப்புக்காகக் காத்திருக்கிறவன் நான். இரயிலில் நான் நியாயந்தீர்த்த தகப்பன் நானே!

உபாகமம் 6:7-இல் பிள்ளைகளோடு தேவவசனத்தைப் பேசுவதற்கு நான்கு வேளைகள் குறிக்கப்பட்டுள்ளன: வீட்டில் உட்காரும் வேளை, வழியில் நடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழுந்திருக்கும் வேளை. இந்நான்கையும் இன்று கைபேசி எடுத்துக்கொண்டது. சாப்பிடும்போது, பயணத்தில், படுக்கையில், கண் விழித்தவுடன் நம் கை எதைத் தேடுகிறது?

அன்றிரவு அக்குடும்பத்தார் சேர்ந்து ஒரு தீர்மானம் எடுத்தார்கள். இரவு உணவின்போது மூவரின் போன்களும் அலமாரியில் இருக்கும். இரவில் அவை கூடத்திலேயே சார்ஜ் ஏறும், படுக்கையறைக்கு வராது. காலையில் ஜெபித்த பின்னரே போனை எடுப்பார்கள். மகனோடு பயணம் செய்யும்போது அவனோடு பேசுவார்கள். முதலில் போனை வைத்தவர் தகப்பனே. பெற்றோர் கைக்கொள்ளாத கட்டளையைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாகாது.

கருவியை நான் பழிக்கவில்லை. 2020 ஊரடங்கில் நம் ஆராதனை வீடுகளுக்கு வந்தது அதன் வழியேதான். தர்மபுரியிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் முகம் காண்பதும் அதிலேதான். அது வேலைக்காரனாக இருக்கட்டும், எஜமானாக வேண்டாம்.

அடிமைத்தனம் முற்றியிருந்தால் உபவாசித்து ஜெபியுங்கள்; மருத்துவ ஆலோசனையும் பெறுங்கள். அது அவிசுவாசம் அன்று. பவுலின் உடன் ஊழியனாகிய லூக்காவும் வைத்தியனே.

திரும்பும் வழியில் என் போனைப் பைக்குள் வைத்தேன். இறங்கியதும் மகளை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் சற்று நேரம் மௌனமாயிருந்து, "இப்ப கேக்குறீங்களாப்பா?" என்றாள். கேட்டேன், வெகுநேரம் பேசினாள்.

பிதாக்களின் இருதயத்தைப் பிள்ளைகளிடத்திற்குத் திருப்புகிற தேவன், உங்கள் இல்லங்களிலும் அதைச் செய்வாராக. ஆமென்.