இருபது ரூபாய்க் கூழும் எங்க ஊர்க் கம்பும்

ஆடிக்காத்து மண்ணை வாரி மூஞ்சில அடிக்குது. காட்டுல இப்போதைக்கு வேலை இல்லை. கோடை உழவு முடிஞ்சு புஞ்சை வெறுமனே கிடக்கு. மழைக்குப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற நேரம்தான் எனக்கு எழுதுற நேரம்.

போன வாரம் பெங்களூர்ல வேலை பார்க்கிற அக்கா மகன் வந்திருந்தான். வந்த மறுநாளே கேட்டான்:

"மாமா, நம்ம கோவில்பட்டியில அம்பது ரூபாய்க்குள்ள, நம்மூருக்குன்னே உள்ள தீனி எது பெஸ்ட்டு? புரோட்டா, பிரைடு ரைஸ்னு சொல்லிறாதீங்க."

"வண்டியில ஏறு மாப்ள, தேடிப் பார்த்துருவோம்"னு டிவிஎஸ் வண்டியை எடுத்தேன்.

முதல்ல கடலை மிட்டாய். இதைச் சொல்லாம எங்க ஊரைச் சொல்ல முடியாது. 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது. அந்தக் காலத்துல கருப்பட்டிப் பாகுலதான் போடுவாங்களாம். 1940-கள்ல பொன்னம்பல நாடார்ங்கிறவர் கரும்பு வெல்லத்துல போட ஆரம்பிச்சார்னு சொல்லுவாங்க. வறுத்துத் தோல் நீக்கின கடலையை வெல்லப்பாகுல கிண்டி, பலகையில கொட்டி, கட்டையால உருட்டித் தேய்ச்சு, சூடு ஆறுறதுக்குள்ள வெட்டணும். கொஞ்சம் ஆறிட்டா வெட்டுப்படாது, நொறுங்கிரும். மருமகன் ரெண்டு துண்டு தின்னுட்டு, "நல்லாருக்கு மாமா, ஆனா இது பெங்களூர்லயே கிடைக்குதே"ன்னான். அதுவும் சரிதான்.

அடுத்து சேவும் மிட்டாயும். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிற சாத்தூர்தான் காரச்சேவுக்குப் பேர் போன ஊர். அந்தச் சேவோட கருப்பட்டி மிட்டாயை மாத்தி மாத்திக் கடிச்சுத் திங்கிறது எங்க பக்கத்துப் பழக்கம். உறைப்பு நாக்கைப் பிடிக்கும்போது மிட்டாயோட பாகு வந்து அணைக்கும். பய கண்ணை மூடிக்கிட்டுத் தின்னான். "இது பெஸ்ட்டு, ஆனா வயிறு ரொம்பாது"ன்னான்.

வெயில் ஏறிப் போச்சு. ரோட்டோரம் வேப்பமரத்து நிழல்ல ஒரு தள்ளுவண்டி. வயசான ஒரு அக்கா கம்மங்கூழ் ஊத்திக்கிட்டிருந்தாங்க. சொம்பு இருபது ரூபாய். தொட்டுக்க மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், சின்ன வெங்காயம், கானத்துவையல். அதுக்கெல்லாம் தனிக்காசு கிடையாது. நகரத்துல கொள்ளுன்னு சொல்றதைத்தான் நாங்க கானம்னு சொல்லுவோம்.

மருமகன் ஒரு சொம்பைக் குடிச்சுட்டு இன்னொரு சொம்பு வாங்கினான். "மாமா, இதான். தேடல் முடிஞ்சது"ன்னான். அப்புறம் சும்மா இருக்காம, "பாட்டி, இது நம்மூர்க் கம்பா?"ன்னு கேட்டுட்டான்.

"நம்மூர்ல யாருய்யா இப்போ கம்பு போடுறா? கடையில மூட்டையா வருது. வடக்கே இருந்து வருதாம்"னாங்க.

பய என்னையத் திரும்பிப் பார்த்தான். எனக்குத் தொண்டையில வத்தல் நின்ன மாதிரி ஆயிப்போச்சு. ஏன்னா நானும் கம்பு போட்டவன்தான். விட்டு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு.

நான் சின்னப் பையனா இருக்கும்போது வீட்டுல கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும். அம்மா கம்புல தண்ணி தெளிச்சு உரல்ல போட்டு இடிப்பா, புடைப்பா. உமி சுணை ஒட்டி கழுத்தெல்லாம் அரிக்கும். ரேஷன் அரிசி வந்தப்போ முதல்ல சந்தோசப்பட்டது எங்க அம்மாதான். அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. உலக்கை பிடிச்ச கை அவளோடது.

"ஏன் மாமா விட்டீங்க?"ன்னு வர்ற வழியெல்லாம் கேட்டான். சொன்னேன்.

கம்பு தொண்ணூறு நாள் பயிர். மழை கம்மியானாலும் தாங்கும். ஆனா கதிர் மூடாம நிக்கும், பால் பிடிச்சதும் குருவி வந்திரும். ஊரே கம்பு போட்ட காலத்துல குருவி ஊர் பூராவும் பிரிஞ்சு தின்னும், யாருக்கும் பெரிசா நட்டம் தெரியாது. ஒருத்தன் மட்டும் போட்டா, சுத்துப்பட்டுக் குருவியும் மயிலும் அவன் புஞ்சையிலதான் பந்தி. நான் கடைசியா போட்ட வருசம் பரண் கட்டித் தகரத்தைத் தட்டிக்கிட்டே கிடந்தேன். வீடு வந்தது ரெண்டே மூட்டை. மக்காச்சோளத்துக்கு உறை இருக்கு, வாங்க வியாபாரி களத்துக்கே வர்றார். கோழித் தீவனத்துக்குப் போகுது. ஊரோட நானும் மாறிட்டேன். 2018-ல படைப்புழு வந்து குருத்தைத் தின்னுச்சு. இப்போ காட்டுப்பன்னி வேற. ஆக, கோழி திங்கிறதை நான் விளைய வைக்கிறேன். நான் குடிக்கிற கூழுக்குக் கம்பு வடக்கே இருந்து வருது.

ராத்திரி தூக்கம் வரலை. மறுநாள் தனியா அந்த அக்காகிட்ட போய்க் கணக்குக் கேட்டேன். ஒரு கிலோ கம்புக்குப் பத்துச் சொம்பு தேறுமாம். இருநூறு ரூபாய்னு சட்டுனு தோணும். மோர், வெங்காயம், வத்தல், விறகு போக, முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வச்சு, காய்ச்சி ஆற வச்சு, விடியுமுன்னே வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்ற அவங்க கூலியும் அதுக்குள்ளதான். யாரும் யாரையும் ஏமாத்தலை.

"நான் கம்பு போட்டா வாங்கிக்கிடுவீகளா அக்கா?"

"கல்லு மண்ணு இல்லாமக் குடு தம்பி. கடை விலைக்கே எடுத்துக்கிடுதேன். அஞ்சு மூட்டைக்கு மேல எனக்குச் செல்லாது."

அஞ்சு மூட்டை பெரிய வியாபாரம் இல்லை. ஆனா வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வெதைக்கிறது எனக்கு இதான் முதல் தடவை. பக்கத்துப் புஞ்சைக்காரங்க மூணு பேர்கிட்ட கேட்டேன், ஆளுக்கு ஒரு ஏக்கர் ஒரே நேரத்துல கம்பு போடுவோம், குருவி பங்கு பிரிச்சுத் திங்கட்டும்னு. ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. ஒருத்தர் சிரிச்சார். "விளையட்டும், அப்புறம் பார்ப்போம்"னார். அவர் சிரிச்சதுலயும் நியாயம் இருக்கு. அவருக்குக் கடன் இருக்கு.

புரட்டாசியில மழை பெய்யணும். பெய்ஞ்சா நாலுல மூணு பேர் போடுவோம். குருவி எவ்வளவு விடுதுன்னு தை மாசம் எழுதுறேன்.

நீங்க இந்தப் பக்கம் வந்தா, பதினோரு மணிக்குள்ள கூழைக் குடிச்சிருங்க, அதுக்கு மேல பானை காலியாயிரும். குடிச்சுட்டு மருமகன் கேட்ட மாதிரியே கேளுங்க, "இது எந்த ஊர்க் கம்பு?"ன்னு. நாலு பேர் கேட்டா, அந்தக் கேள்வி எங்க காதுக்கும் வந்து சேரும்.