மன்னாருக்குப் போன டர்போக்காரன்

கோயம்புத்தூரில் பந்தயக் கார் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிறவனுக்கு மன்னாரில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். தனுஷ்கோடி முனையில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. எதிரே 30 கிலோமீட்டருக்குள் இலங்கையின் மன்னார்த் தீவு முனையான தலைமன்னார். நேரே போகத்தான் வழியிருக்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடித் துறை போயிற்று. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கையில் போர் தொடங்கியதும் நின்றுவிட்டது. ஆகவே கொழும்புக்கு விமானம், அங்கிருந்து ரயில் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மதவாச்சியில் பிரியும் மன்னார் ரயில் பாதையைப் போர் 1990-இல் மூடியது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் தண்டவாளத்தைப் புதிதாக இட்டுத் தர, 2015 மார்ச்சில் ரயில் மறுபடி தலைமன்னார் வரை ஓடியது. மடு ரோடு, முருங்கன், திருக்கேதீச்சரம் தாண்டியதும் நிலம் மெலிந்து நீராகிறது. பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. இருபக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். அதில் பறவைகள் நின்று மேய்ந்தன. மன்னார்ப் பட்டணத்தில் எல்லோரும் பார்ப்பதை நானும் பார்த்தேன்: போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை, பள்ளிமுனையில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம், கடைவீதியில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் கழுதைகள். அழகுதான். ஆனால் என்னை அசத்தியது இவற்றில் எதுவுமில்லை.

தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை இருக்கிறது. இலங்கை மின்சார சபை அமைத்தது. 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. சுழலியின் விட்டம் 126 மீட்டர். நான் போனது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். சட்டைப்பையில் வைத்த ரயில் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. இந்தக் காற்றுக்கு இறக்கைகள் பேயாட்டம் ஆடும் என்று எதிர்பார்த்துப் போனால், அவை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காரணம் தெரிந்ததுதான்: காற்று ஓர் அளவைத் தாண்டியதும் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சில் கொஞ்சம் திரும்பி, வருகிற விசையில் ஒரு பங்கை வேண்டாமென்று வழியவிடுகிறது. காற்று இன்னும் முற்றினால் முழுதாகத் திருப்பிக்கொண்டு நின்றேவிடும். காகிதத்தில் படித்தது வேறு. அவ்வளவு பெரிய இயந்திரம் அவ்வளவு காற்றை மறுப்பதை அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு.

நான் தொழிலில் கையாளும் டர்போவும் ஒரு காற்றாலைதான். உள்ளங்கையில் அடங்கும். எஞ்சின் வெளியே துப்பும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. சுழற்சி நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். தண்டைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டுமே. பூஸ்ட் எனப்படும் இந்த அழுத்தம் எல்லை மீறினால் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து, புகையைச் சக்கரத்துக்குக் காட்டாமல் பக்கவழியாக அனுப்பிவிடும். அந்தக் கதவின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கித் தரச் சொல்லித்தான் பட்டறைக்கு வருகிற பையன்கள் பாதிப்பேர் கேட்கிறார்கள்.

அன்று மாலை வடகரைக்குப் போனேன். தென்கரை கொந்தளித்தபோதும் பேசாலைக் கடல் ஓரளவு அடங்கியிருந்தது. கரை நெடுக ஃபைபர் படகுகள். அவற்றின் பின்னால் வெளிப்பூட்டு எஞ்சின்கள். ஒரு வாடியின் நிழலில் எஞ்சின் ஒன்றின் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊர், தொழில் எல்லாம் சொன்னபின் பிஸ்டனைக் கையில் தந்தார். இரண்டு ஸ்ட்ரோக், 15 குதிரைத்திறன், எரிபொருள் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால் பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றியபின் மாற்றிவிடுகிறார்கள். ஆக்டேன் எண் மிகக் குறைவு. அழுத்தினால் தீச்சுடர் வந்து சேருமுன்னே தானாக வெடிக்கும். அதனால் இந்த எஞ்சின்களை அழுத்த விகிதம் குறைத்தே செய்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினைவிட அதே அளவில் திறன் கம்மி.

"அண்ணே, இதுல இன்னும் கொஞ்சம் பவர் எடுக்க முடியாதா?" என்றேன்.

"எடுக்கலாம் தம்பி. எடுத்துப்போட்டு நடுக்கடலில நிண்டா ஆர் வந்து கட்டி இழுக்கிறது?"

பிறகு பூட்டிய வேறோர் எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளப்பிக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சியது. "இது பீச்சுதா எண்டு மட்டும் பாத்துக்கொண்டிருக்க வேணும். நிண்டுதெண்டா உடனே மெசினை நிப்பாட்ட வேணும்." மணலோ பாசியோ அடைத்தால் குளிர்நீர் நின்றுவிடும், சில நிமிடங்களில் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். வெப்பமானி, எச்சரிக்கை விளக்கு, கணினி எதுவுமில்லை. அந்த நீர்த்தாரைதான் எல்லாம். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது இந்தக் கரைகளில் பட்ட பாட்டை அவர் சொல்லக் கேட்டேன். எஞ்சின் குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் கணக்கில் இருக்கிற இடத்தில், அதை எப்படி வைத்துக்கொள்வது என்ற அறிவு கூர்மையாகத்தான் இருக்கும்.

வாடியில் எனக்கு நினைவு வந்தது ஹோண்டா. 1988-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அவர்கள் செய்த ஆர்.ஏ.168ஈ என்ற 1.5 லிட்டர் வி6 டர்போ எஞ்சின், மெக்லாரன் காரில் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்தது வேறு கூத்து. சாதாரணக் கார் எஞ்சினின் பிளாக்கிலிருந்து பி.எம்.டபிள்யூ செய்த நாலு சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சின், 1983-இல் பிக்கே என்ற ஓட்டுநரை உலக சாம்பியனாக்கியது. பின்னாளில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கக்கி, சில சுற்றுகளில் சாம்பலாகும்படி அதைக் கட்டினார்கள். அந்த வெறியை அடக்க, பந்தய விதி வகுப்பவர்கள் 1988-இல் பூஸ்டை 2.5 பாராகக் குறைத்தார்கள். ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் எரிபொருள்தான் என்றார்கள். ஹோண்டா எடுத்தது 685 குதிரைத்திறன் அளவு. எரிபொருளில் 84 சதவீதம் டொலுவீன். எளிதில் தானாக வெடிக்காது, ஆனால் சீக்கிரம் ஆவியாகவும் செய்யாது. ஆகவே எஞ்சினுக்குள் போகுமுன் அதைச் சூடுபடுத்தினார்கள். பேசாலையில் பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றுவதற்கும் இதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. எரிபொருளின் குணத்தைக் கேட்டு எஞ்சின் கட்டுவதில் ஜப்பானுக்கும் பேசாலைக்கும் பேதமில்லை.

எங்கள் ஊர்க் கதையையும் அவருக்குச் சொன்னேன். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே கோவையின் ஜெயெம் நிறுவனம் டாடாவோடு சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தது. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, 114 குதிரைத்திறன். அப்போது "இவ்வளவுதானா" என்று உதடு பிதுக்கியவர்கள் பலர். நம் நகர நெரிசலிலும் மே மாத வெயிலிலும் உத்தரவாதத்தோடு விற்க வேண்டிய எஞ்சினுக்கு அது சரியான எண் என்றுதான் நான் சொல்வேன்.

பெரியவர் கேட்டார், நீங்கள் எப்படிக் கட்டுவீர்கள் என்று. விளக்கினேன். 1,300 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின் சும்மா 85 குதிரைத்திறன் தரும். டர்போ வைத்தால் காற்று கூடும், அதோடு சூடும் கூடும். முதலில் அழுத்த விகிதத்தை இறக்க வேண்டும். வார்ப்புப் பிஸ்டனை எடுத்துவிட்டு ஃபோர்ஜ் செய்த பிஸ்டன். அது சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சிலிண்டருக்கும் அதற்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். மேல் வளையத்தின் வாயிடைவெளியும் அப்படியே. அதை இறுக்கமாக வைத்தால் சூட்டில் இரு முனைகளும் முட்டி, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். எஞ்சினைக் கொல்லும் காரியங்கள் எல்லாம் இப்படி மில்லிமீட்டரின் சிறு பங்குகளில்தான் இருக்கின்றன. டர்போவிலிருந்து எண்ணெய் தானாகக் கீழே வடியும்படி குழாய் தடிமனாக, சரிவாக இருக்க வேண்டும். வளைவில் கார் சாயும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சாதபடி தொட்டிக்குள் தடுப்புகள் வேண்டும். முழு பூஸ்டில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது ஏட்டுக் கணக்கு, பந்தயத்தில் 12-க்கும் கீழே. எரியாத மிச்சம் பிஸ்டனின் தலையைக் குளிர்விக்கும். ஓட்டி முடித்ததும் சட்டென்று அணைக்கக் கூடாது. கொதிக்கும் டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் கருகிப் படியும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட மெசினுக்கு எது தண்ணி பீச்சிக் காட்டும்?" என்றார். எரிபொருள் தானாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சாரையும் எண்ணெய் அழுத்த அலாரத்தையும் பற்றிச் சொன்னேன். பல வண்டிகளில் அவற்றுக்குக் காசு மிஞ்சுவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

இந்தக் கடலுக்கு எங்கள் பக்கத்து எஞ்சின்களாலும் ஒரு வழக்கு உண்டு. தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறும் அதிவேகச் சீன டர்போ டீசல் எஞ்சின்களை எதிர்த்து நாட்டுப்படகு மீனவர்கள் பல துறைகளில் போராடியிருக்கிறார்கள். இந்த விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடியையே இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் பெரிய எஞ்சின் 15 குதிரைப் படகின் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பேசாலைக்காரர் என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

டர்போ பூட்ட நினைக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். செலவுப் பட்டியலின் முதல் வரியில் எண்ணெய்க் குளிர்விப்பானை எழுதுங்கள். அடுத்து உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அடுத்து நாக் சென்சார். பெரிய டர்போவைக் கடைசி வரிக்குத் தள்ளுங்கள். பணம் அதற்குள் தீர்ந்துபோனால் சிறியதையே வாங்கிக்கொள்ளுங்கள். 1,300 சிசி எஞ்சினுக்கு 150 குதிரைத்திறன் போதும். 200 கேட்டு வருகிறவர்களின் வேலையை என் பட்டறையில் இனி எடுப்பதாக இல்லை.