துருசு வரைக்கும் நடந்து பார்

கடைசிக் கண்டத்து வேளாண்மை மஞ்சளித்தால் இளம் விவசாயி முதலில் யூரியாப் பையைத் தேடுவான். என் தகப்பனார் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே நடப்பார். எங்கோ ஒரு வரம்பை நண்டு துளைத்திருக்கும். எங்கோ ஒரு வளைவைப் புல் அடைத்திருக்கும். அங்கெல்லாம் பிழை இல்லையென்றால் குளத்து மதகான துருசு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பெரியவர்களுக்குப் பின்னால் நடந்து நடந்து காலில் ஏறியது. எழுபது வயது கடந்தபின், உள்ளங்கை அகலக் கணினி ஒன்றுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நடையை மறுபடி நடக்க வேண்டி வந்தது.

அது ராஸ்பெரி பை 4. பிள்ளைகள் கணினி கற்கவென்று 2012 இல் பிரித்தானியாவில் மலிவாகச் செய்து வெளியிட்ட ஒற்றைப் பலகைக் கணினியின் வழிவந்தது. என் பேரன் அதில் ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி, சம்பா என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டு வைபையில் இருக்கும் எந்தப் போனிலும் எந்தக் கணினியிலும் திறந்து பார்க்கக்கூடிய களஞ்சியமாக்கித் தந்தான். சம்பாவை 1992 அளவில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் எழுதத் தொடங்கினாராம். நெல்லின் பெயர் என்பதால் எனக்கு அது மறப்பதில்லை.

அந்தக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் என் பதற்றம் விளங்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையோடு கொண்டுபோனவை போக மிஞ்சிய படங்கள். 2007 இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் அரிசிப் பைக்குள் வைத்து என் மனைவி சுமந்து வந்த அல்பம். கோயில் முன்றலில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்துகளைக் கசெட்டில் பதிந்து, பிறகு கணினிக்கு மாற்றிய ஒலிகள். அவற்றைப் பழக்கிய அண்ணாவிமாரில் பலர் இன்றில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. அந்தச் செய்தியைக் கேட்ட தலைமுறை நாங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் இளைஞர்கள் பழைய சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி ஏற்றுவதைக் கண்டபோதுதான், எங்கள் வீட்டுக் கடதாசிகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஒரு பின்னேரம் களஞ்சியத்தைத் திறந்தோம். வெறுமை. ஒரு படமும் இல்லை.

"டிஸ்க் செத்துப்போச்சு அம்மப்பா. ஃபோமற் பண்ணிப் பாக்கட்டா?"

"பொறு மனே. ஒண்டையும் அழிக்காத."

பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். இன்னொரு கணினியிலிருந்து கூப்பிட்டான், பதில் வந்தது. ஆகவே ரவுட்டரிலும் வைபையிலும் பிழை இல்லை. உள்ளே நுழைந்து பார்த்ததில் ஒன்று தெளிந்தது. வெறுமையாய்த் தெரிந்தது டிஸ்க் அல்ல, டிஸ்க் வந்து பொருந்த வேண்டிய கோப்புறை. டிஸ்க் வராமல் வாசல் மட்டும் திறந்து கிடந்தது. இதில் ஒரு பொறியும் உண்டு: அந்த நேரம் புதிதாகப் போட்ட படங்கள் டிஸ்க்குக்குப் போகாமல் சத்தமில்லாமல் சின்ன மெமரி கார்டில் போய் உட்கார்ந்திருந்தன. வெறுமையைக் கண்டு அழித்தெழுத ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பெட்டி தன் நாட்குறிப்பைத் தானே எழுதிவைக்கிறது. அதைப் பின்னோக்கிப் படித்தோம். டிஸ்க் துண்டிக்கப்பட்டது, சேர்ந்தது, மறுபடி துண்டிக்கப்பட்டது. நேரங்களைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதியபின்தான் ஒழுங்கு தெரிந்தது. சிறிய படம் ஏற்றும்போது பிசகே இல்லை. நீண்ட கூத்துப் பதிவை ஏற்றும்போதெல்லாம் டிஸ்க் விழுந்திருக்கிறது. வயரை மாற்றினோம், பிசகு மாறவில்லை. டிஸ்க்கைக் கழற்றி மடிக்கணினியில் போட்டோம், எல்லாம் இருந்தது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பொடியனுக்குக் கொஞ்சம் அலுப்புத்தான். ஆனால் இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

மிச்சம் இருந்தது மின்சாரம். துருசு.

பெட்டி கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அதற்குப் போயிருந்தது மேசை லாச்சியில் கிடந்த பழைய போன் சார்ஜர். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி காட்டுமாம். எங்கள் பெட்டிக்குத் திரையே இல்லை. கேட்டால்தான் சொல்லும். கட்டளை கொடுத்துக் கேட்டான். பூச்சியம் வரவேண்டிய இடத்தில் 50005 என்று வந்தது. முன்பும் மின்சாரம் போதவில்லை, இப்போதும் போதவில்லை, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று அதற்குப் பொருள். அதோடு, அந்தப் பெட்டி தன் நான்கு யூஎஸ்பி வாய்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது 1.2 ஆம்பியர்தான். தட்டு சுழலத் தொடங்கும் கணத்திலும் நெடுநேரம் எழுதும்போதும் ஹார்ட் டிஸ்க்குக்குத் தாகம் கூடும். தலைமடையில் வரத்து குறைந்தபோது கடைமடை காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் பாவம், அதன்மேல் பழி போட்டோம்.

சரியான பவர் சப்ளையும், தனி மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப்பும் நகரத்திலிருந்து வாங்கி வந்தோம். அவை வந்தபிறகே டிஸ்க்கைப் பழுதுபார்க்க விட்டேன். மின்சாரம் தள்ளாடும்போது பழுதுபார்த்தால் பார்ப்பதே பழுதாகும். டிஸ்க்கைக் கோப்புறையில் பொருத்தாமல் தள்ளிவைத்து, எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓடவிட்டோம். முடிந்தபோது, வீடு தெரியாத துண்டுகளைச் சேர்த்துவைக்கும் கோப்புறையில் ஒரு கோப்பு கிடந்தது. பெயர் இல்லை, வெறும் இலக்கம். திறந்தான். மத்தளம் கேட்டது, பிறகு சல்லரி, பிறகு வரவுப் பாட்டு. சபையில் ஒரு பிள்ளை அழுகிறது; தாய் அதட்டுகிறாள்.

"என்ன பேர் போடுறது அம்மப்பா?"

கூத்தின் பெயரைச் சொன்னேன். ஆடிய கோயிலை, ஆண்டை, அண்ணாவியாரைச் சொன்னேன். அழுத பிள்ளை அவனுடைய தாய் என்று சொன்னபோது மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டான். மற்றப் பதிவுகளுக்கும் இப்படி எழுதவேண்டும் என்று அன்றிரவே அவனே கொப்பியில் கோடு போட்டான்.

இப்போது டிஸ்க் இரண்டு; இரண்டாவது எங்கள் தண்ணீர் போகும் வழியிலேயே நகரத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களில் குடிநீராக வருகிறது. அங்கே மகள் வீட்டிலும் அதுதான். இரண்டாவது டிஸ்க்கை அவள் அலுமாரியில் வைத்திருக்கிறோம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒன்று, மேற்கே படுவான்கரையில் ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு அதை எடுத்து வந்து புதியவற்றைச் சேர்த்துத் திருப்பிக் கொண்டுபோகிறோம். பழைய சாரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நான் இருப்பேன். வவுணதீவு தாண்டி வாவி தெரியும்போது, பக்கத்தில் இருக்கும் பேரன் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொள்வான்.