வளைவு இரண்டு

சித்திரம் பழகத் தொடங்குகிறவர்களின் முதற் கோடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கோடாக இராது. மயிர் மயிராகப் பத்துச் சிறு கீற்றுகள், அவற்றின்மேல் மறுபடியும் பத்துக் கீற்றுகள், பிறகு அழிரப்பர். தாள் கறுத்துப் போகும். கோடு மட்டும் பிறந்திராது. 'கை வராது' என்று பெரியவர்கள் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே குறைவாக இருப்பது திறமையன்று, துணிவு. அந்தத் துணிவைப் பழக்கத்தால் உண்டாக்கலாம் என்பதற்கு நான் வாழும் திகனவுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது.

திகன என்றால் வெளியூர் வாசகர்களுக்கு 2018 மார்ச் மாத வன்முறைதான் நினைவுக்கு வரும். விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு இது வழியில் வரும் ஓர் ஊர். இங்கிருந்து கண்டிப் பக்கமாகப் போனால் குண்டசாலைப் பிரதேசத்தில், அமுனுகமவில், தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. நாயக்க வம்சத்தவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய பணி அது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற துறவியும் உடனிருந்த சித்திரக்காரர்களும் வரைந்த ஜாதகக் கதைகள் சிவப்புப் பின்னணியில் வரிவரியாக ஓடுகின்றன. நிழல் தீட்டி உருட்சி காட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தட்டையான நிறம், அதனைச் சுற்றி ஒரு வெளிக்கோடு, அவ்வளவுதான். கோடு தடுமாறினால் அதனை ஒளித்துவைக்க இடமே கிடையாது. கூரைப் பாறையில் மாரனுடைய சேனை புத்தரை எதிர்த்து வரும் காட்சி உண்டு. அண்ணாந்து பார்க்கவே கழுத்து வலிக்கிறது. அண்ணாந்தபடியே தூரிகை பிடித்தவனுக்கு அந்தக் கோடு எப்படி வந்தது?

இதற்கு விடை தந்தவர் ஒரு தமிழரின் மகன். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக இலங்கைக் கிராமங்களில் அலைந்தபோது கண்டிப் பகுதிக் கைவினைஞர்களையும் கவனித்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். சித்திரக்காரர் குடும்பத்துச் சிறுவன் எப்படிப் பயின்றான் என்பதை அதில் விவரிக்கிறார். முதற் பாடத்தின் பெயர் 'வக தெக'. வளைவு இரண்டு என்பது பொருள். அந்த இரு வளைவுகளையே திரும்பத் திரும்பப் போட வேண்டும். கொடியும் இலையும் மலரும் பிறகுதான். விலங்கும் மனிதனும் அதற்கும் பிறகு.

இதில் என்னைக் கவர்ந்தது, முதற் பாடம் நேர்கோடாக இல்லை என்பதே. மணிக்கட்டோ முழங்கையோ தோளோ, மூட்டு எதுவானாலும் அதனைச் சுற்றிக் கை அசையும்போது பிறப்பது வளைவுதான். நேர்கோட்டுக்கு இரண்டு மூன்று மூட்டுகள் தம்முள் உடன்பட வேண்டும். நாமோ குழந்தைக்கு முதல் நாளே நேர்கோட்டையும், அது வராதபோது அடிமட்டத்தையும் கொடுக்கிறோம். பழைய குருமார் கைக்கு இயல்பானதிலிருந்து தொடங்கினார்கள்.

எங்கள் அயல்வீட்டுப் பையன் தரம் 6இல் அழகியல் பாடமொன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. "எனக்குக் கோடு வராது மாமா, சங்கீதத்துக்குப் போறேன்" என்றான். அவன் பாடியதையும் நான் கேட்டிருக்கிறேன். ஆகவே தலையிட வேண்டியதாயிற்று. பழைய பத்திரிகைகள் ஒரு கட்டையும் மை மார்க்கர் ஒன்றையும் கொடுத்து, அழிரப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பத்திரிகையில் உழைத்ததன் சேமிப்பு என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. விலையில்லாத தாளில் பயம் குறைகிறது. வெள்ளைத்தாள்தான் அதிகாரி போல முறைக்கும்.

சொன்னது இவ்வளவுதான். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளி வை. தாளில் படாமல் இரண்டு முறை கையை ஓட்டிப் பார். பிறகு கண்ணை முடிவுப் புள்ளியில் நிறுத்தி, முழங்கையிலிருந்து ஒரே இழுப்பாக இழு. பேனை முனையைப் பார்த்துக்கொண்டே போனால் கோடு நடுங்கும். சைக்கிள் ஓட்டுகிறவன் முன்சக்கரத்தைப் பார்ப்பது போல அது. தவறினால் அதன்மேல் கீறாதே, பக்கத்தில் இன்னொன்று போடு. செய்தியின் முதல் வரியை இருபது தடவை திருத்துகிற நிருபரின் கட்டுரை எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய பாட்டி, "இது கோலந்தானே" என்றார். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது. புள்ளி வைத்து, மாவை விரலிடுக்கில் விட்டு, அடுத்த புள்ளியைப் பார்த்தபடி வளைத்துக்கொண்டு போகும் சிக்குக்கோலத்தில் அழிரப்பருக்கு ஏது வேலை? பேரனுக்குச் சித்திரம் வராது என்று நம்பியிருந்த அந்த வீட்டு வாசலில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வக தெக விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் கீற்றுகள் குறைந்தன. விளையாட்டுப் பக்கங்கள் முழுவதும் வளைவுகள். சில தொய்ந்தவை, சில நல்லவை. பாடத் தெரிவுப் படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. நேற்று வந்து, யானையின் தும்பிக்கையும் இரண்டு வளைவுதானா என்று கேட்டான். வெஸ்ஸந்தரர் யானையைத் தானம் கொடுக்கும் கதை தெகல்தொருவச் சுவரில் இருக்கிறது. வரும் போயா விடுமுறைக்குப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.